நடுங்காத ட்ராம் கம்பிகள்: 1440பி மானிட்டரில் 4கே வரைந்து பார்த்த அனுபவம்

செயின்ட் டெனிஸ் நகரத்துத் தெருக்களுக்கு மேலே ஓடும் ட்ராம் கம்பிகள் நேற்று இரவுதான் முதல்முறையாக நடுங்காமல் நின்றன. ரெட் டெட் ரிடெம்ப்ஷன் 2 கேமில் அந்த நகரத்துக்குள் குதிரையை மெதுவாக நடக்கவிட்டு, பத்து நிமிடம் மேலேயே பார்த்துக்கொண்டு போனேன். கம்பி கம்பியாகவே இருந்தது. துண்டு துண்டாக உடைந்து ஊரவில்லை. அதைவிட முக்கியம், இருட்டுச் சந்துக்குள் நுழைந்தபோது மானிட்டரின் வெளிச்சம் துடிக்கவில்லை. இந்த இரண்டும் ஒரே நேரத்தில் நடக்க எனக்கு ஏறக்குறைய ஐந்து வாரம் ஆனது. நடுவில் செய்த தப்புகளையும் சேர்த்தே எழுதிவைக்கிறேன்.

முதலில் கையில் இருந்த சாமான்கள். 27 அங்குல மானிட்டர், 2560×1440, விஏ பேனல் (கறுப்பு நன்றாகக் கறுப்பாகத் தெரியும் எல்சிடி வகை), அதிகபட்ச ரெஃப்ரெஷ் ரேட் 165 ஹெர்ட்ஸ், அதாவது நொடிக்கு 165 முறை திரை புதுப்பிக்கப்படும். கேமின் வேகத்துக்கேற்ப மானிட்டர் தன் ரெஃப்ரெஷ் ரேட்டை மாற்றிக்கொள்ளும் ஃப்ரீசிங்க் வசதியின் வரம்பு 48 முதல் 165 வரை என்று அட்டைப்பெட்டியிலேயே போட்டிருந்தது. இரண்டு வருடத்துக்கு முன்னால் 21,000 ரூபாய்க்கு வாங்கியது. கிராஃபிக்ஸ் கார்டு ஆர்டிஎக்ஸ் 3060, 12 ஜிபி. செகண்ட் ஹேண்டில் 17,500 ரூபாய். இவை தவிர சுவரில் சொருகும் வாட் மீட்டர் ஒன்று, 1,100 ரூபாய். ஒரு கோடு போட்ட நோட்டு. மற்ற மென்பொருள்கள் எல்லாம் இலவசம்: ஃப்ரேம் எண்ணிக்கையைப் பார்க்கவும் கட்டுப்படுத்தவும் ஆர்டிஎஸ்எஸ், வாட்டும் வெப்பமும் பார்க்க ஆஃப்டர்பர்னர், கடைசியில் மானிட்டரின் வரம்பை மாற்றி எழுத சிஆர்யூ.

செய்ய நினைத்தது எளிமையானது. கேமைத் திரையின் அளவைவிடப் பெரிய படமாக வரையச் சொல்லி, அதைச் சுருக்கித் திரையில் காட்டுவது. ஒரு பிக்சலுக்கு ஒரு மாதிரி எடுப்பதற்குப் பதில் இரண்டு, நான்கு என்று எடுத்துச் சராசரி பார்ப்பதால், மெல்லிய கோடுகளும் இலை நுனிகளும் நிதானமாக நிற்கும். என்விடியா இதை டிஎஸ்ஆர் என்ற பெயரில் 2014இல் கொண்டுவந்தது. அதே ஆண்டின் கடைசியில் ஏஎம்டி தன் கார்டுகளுக்கு விஎஸ்ஆர் கொடுத்தது. 2022 ஜனவரியில் டிஎல்டிஎஸ்ஆர் வந்தது. சுருக்கும் வேலையை ஆர்டிஎக்ஸ் கார்டில் இருக்கும் டென்சர் கோர்களைக் கொண்டு செய்வது இது. இதில் 1.78 மடங்கு, 2.25 மடங்கு என்று இரண்டே அளவுகள்தான்.

மடங்கு என்பது மொத்தப் பிக்சல் கணக்கு. இது எனக்கே முதலில் குழப்பியது. 4 மடங்கு என்றால் அகலம் இரண்டு மடங்கு, உயரம் இரண்டு மடங்கு. ஆக என் மானிட்டருக்கு 5120×2880. 2.25 மடங்கு என்றால் ஒவ்வொரு பக்கமும் ஒன்றரை, அதாவது 3840×2160. சரியாக 4கே. 1.78 மடங்கு என்றால் 3413×1920.

ஆரம்பமே கோணலாகப் போனது. மானிட்டரோடு வந்த எச்டிஎம்ஐ கேபிளில்தான் அதுவரை ஓட்டிக்கொண்டிருந்தேன். என்விடியா கண்ட்ரோல் பேனலில் மேனேஜ் 3டி செட்டிங்ஸ் போய், டிஎஸ்ஆர் ஃபேக்டர்ஸில் 2.25க்கு டிக் போட்டேன். கேமுக்குள் ரெசல்யூஷன் பட்டியலைத் திறந்தால் 5760×3240 என்று நிற்கிறது. எங்கிருந்து வந்தது இந்த எண் என்று ஒரு மாலை முழுக்கத் தேடினேன். கணக்குப் போட்டுப் பார்த்த பிறகுதான் புரிந்தது: அது 3840×2160இன் ஒன்றரை மடங்கு. கேம் கன்சோல்களுக்காக இந்த மானிட்டர் எச்டிஎம்ஐ வழியாக 4கே சிக்னலையும் வாங்கிக்கொள்கிறது. அதனால் டிரைவர் இதை 4கே திரை என்றே எடுத்துக்கொண்டு, அதற்கு மேல் பெருக்கியிருக்கிறது.

அதே கேபிளால் இன்னொரு சிக்கலும் இருந்தது, நான் கவனிக்கவே இல்லை. என்விடியா கார்டில் எச்டிஎம்ஐ வழியாக விஆர்ஆர் (ஃப்ரீசிங்க் போன்ற மாறும் ரெஃப்ரெஷ் ரேட்) வேண்டுமென்றால் மானிட்டரும் எச்டிஎம்ஐ 2.1 விஆர்ஆர் பேச வேண்டும். என் மானிட்டரில் இருப்பது 2.0. ஆக, இரண்டு வருடமாக ஃப்ரீசிங்க் மானிட்டரை வைத்துக்கொண்டு, அந்த வசதி இல்லாமலேயே விளையாடியிருக்கிறேன். பழைய பெட்டியில் கிடந்த டிஸ்ப்ளேபோர்ட் கேபிளை எடுத்து மாற்றினேன். என்விடியாவின் விஆர்ஆரான ஜி-சிங்க்குக்கு உரிய பக்கம் கண்ட்ரோல் பேனலில் தோன்றியது, டிஎஸ்ஆர் எண்களும் 3840×2160 என்று ஒழுங்காக வந்தன. 2019 ஜனவரியிலிருந்து என்விடியா டிரைவர் ஃப்ரீசிங்க் மானிட்டர்களையும் ஏற்றுக்கொள்கிறது. சான்று பெற்ற பட்டியலில் இல்லாத மானிட்டர் என்றால் கையால் ஒரு டிக் போட வேண்டும், அவ்வளவுதான்.

விஆர்ஆர் உண்மையில் ஓடுகிறதா என்று பார்க்க மானிட்டரின் சொந்த ஓஎஸ்டி மெனுவை நம்புங்கள். பெரும்பாலான மானிட்டர்களில் ரெஃப்ரெஷ் ரேட்டைக் காட்டும் ஒரு சின்ன எண் இருக்கும். கேம் ஓடும்போது அந்த எண் 97, 103, 88 என்று குதித்துக்கொண்டிருந்தால் ஓடுகிறது. ஒரே எண்ணில் நின்றால் ஓடவில்லை. அந்தச் சின்ன எண்தான் இந்த ஐந்து வாரமும் எனக்கு வழிகாட்டியது.

அதே ஓஎஸ்டியில் ரெசல்யூஷன் 2560×1440 என்றுதான் காட்டும், நீங்கள் கேமில் 4கே வைத்திருந்தாலும். சுருக்குவது கார்டுக்குள்ளேயே முடிந்துவிடுகிறது. கேபிள் வழியாகப் போவது எப்போதும் 1440பிதான். இதை முதலிலேயே மனதில் பதிய வைத்திருந்தால், பின்னால் கேபிளைச் சந்தேகப்பட்டு 850 ரூபாய் செலவழித்திருக்க மாட்டேன்.

முதல் சோதனைக்கு ஏலியன்: ஐசொலேஷனை எடுத்தேன். 2014 கேம். இருண்ட விண்வெளி நிலையம், பளபளக்கும் உலோக விளிம்புகள், குழாய்கள், கம்பி வலைகள். நடக்கும்போது எல்லா விளிம்பும் எறும்பு ஊர்வதுபோல் ஊரும். சாதாரண 4 மடங்கு டிஎஸ்ஆர் போட்டேன், 5120×2880. ஃப்ரேம் 60க்கு மேலேயே நின்றது. ஊர்வது கிட்டத்தட்ட மறைந்தது, ஆனால் படம் முழுக்க லேசாக மெழுகு பூசியதுபோல் இருந்தது. காரணம் டிஎஸ்ஆர் ஸ்மூத்னஸ். தானாகவே 33 சதவீதத்தில் இருக்கும். 4 மடங்கில் நான்கு பிக்சல் சரியாக ஒன்றாகச் சேர்வதால் மேற்கொண்டு மங்கலாக்கத் தேவையே இல்லை. 0 வைத்ததும் படம் தெளிந்தது.

அந்த 0 என்னை அடுத்த தப்புக்குக் கொண்டுபோனது. டிஎல்டிஎஸ்ஆர் 2.25க்கு மாறியபோதும் அதே 0 என்று விட்டுவிட்டேன். கதவு விளிம்பு, எழுத்து, கம்பி எல்லாவற்றையும் சுற்றி வெள்ளைக் கோடு. அதே ஸ்லைடர்தான், ஆனால் டிஎல்டிஎஸ்ஆரில் வேறு மாதிரி வேலை செய்கிறது: 0 என்றால் கூர்மையாக்கல் உச்சத்தில், 100 பக்கம் போகப்போகக் கூர்மையாக்கல் குறையும். 33, 50, 65, 80 என்று ஒவ்வொன்றாக வைத்துப் பார்த்தேன். எனக்கு 70 பொருந்தியது. என் தம்பி 50 நன்றாக இருக்கிறது என்கிறான். இது கண்ணைப் பொறுத்தது.

ஒப்பிட்டுப் பார்க்க ஸ்கிரீன்ஷாட் எடுத்தது வீண் வேலை. ஸ்கிரீன்ஷாட் சுருக்குவதற்கு முன்னால் இருக்கும் பெரிய படத்தைப் பிடிக்கிறது. ஃபைலைத் திறந்தால் 3840×2160. ஸ்லைடரை எங்கே வைத்தாலும் எல்லாம் ஒரே மாதிரிதான் வரும். முப்பது ஸ்கிரீன்ஷாட் எடுத்து அடுக்கி, வித்தியாசமே இல்லையே என்று குழம்பிய பிறகுதான் இது உறைத்தது. அப்புறம் செய்தது இது: நான்கு புத்தகத்தை அடுக்கி, மேலே ஃபோனை வைத்து, திரையிலிருந்து ஒரு சாண் தூரத்தில், எக்ஸ்போஷரைப் பூட்டிவிட்டு, திரையின் ஒரே மூலையைப் படம் எடுத்தேன். வித்தியாசம் அதில் தெளிவாகத் தெரிந்தது.

சரி, பழைய கேம் முடிந்தது. எனக்கு உண்மையில் வேண்டியது ரெட் டெட். அந்த கேம் விளிம்பு ஊர்வதைத் தடுக்க முந்தைய ஃப்ரேம்களைக் கலக்கும் டிஏஏ முறையைப் பயன்படுத்துகிறது. 1440பியில் மரங்கள், தாடி மயிர், குதிரையின் பிடரி எல்லாம் பஞ்சுபோல் ஆகிவிடும். ரெசல்யூஷன் ஏறினால் இது வெகுவாகச் சரியாகும் என்று தெரிந்திருந்தது. கேமுக்குள்ளேயே பெஞ்ச்மார்க் இருப்பதால் அளப்பதும் எளிது. அமைப்புகள் பெரும்பாலும் ஹை, சில மீடியம். 1440பியில் சராசரி நொடிக்கு 66 ஃப்ரேம். 5120×2880இல் 23. அதை ஒரு முறை மட்டும் பார்த்துவிட்டு மூடினேன். 3840×2160இல் 39.

சின்னதாக வரைந்த படத்தை ஏஐ கொண்டு பெரிதாக்கும் என்விடியாவின் டிஎல்எஸ்எஸ் இங்கேதான் கைகொடுத்தது. இந்த கேமுக்கு 2021இல் டிஎல்எஸ்எஸ் வந்தது. குவாலிட்டி என்று வைத்தால் ஒவ்வொரு பக்கமும் மூன்றில் இரண்டு பங்கில் வரைந்து மேலே உயர்த்தும். 3840×2160இல் மூன்றில் இரண்டு என்பது 2560×1440. அதாவது கேம் என் திரையின் சொந்த அளவிலேயே வரைகிறது, டிஎல்எஸ்எஸ் அதை 4கே ஆக்குகிறது, டிஎல்டிஎஸ்ஆர் மறுபடியும் 1440பிக்குச் சுருக்குகிறது. ஏற்றி இறக்குவது வீண் சுற்று என்று தோன்றும். பார்த்தால் அப்படி இல்லை. டிஎல்எஸ்எஸ் பல ஃப்ரேம்களில் சேர்க்கும் நுணுக்கத்துக்கு 4கே அளவு இடம் கிடைக்கிறது, அதில் மீதியிருக்கும் நடுக்கம் சுருக்கும்போது அடங்கிவிடுகிறது. பிடரி மயிர் தனித்தனி இழையாகப் பிரிந்தது. சராசரி ஃப்ரேம் 51.

மகிழ்ச்சியாக இருந்தது, ஒரே ஒரு இரவு. அடுத்த நாள் செயின்ட் டெனிஸுக்குப் பக்கத்திலுள்ள சதுப்பு நிலத்துக்குள் இருட்டில் போனேன். திரை முழுக்க வெளிச்சம் துடித்தது. மின்சாரம் குறைந்து ஏறும்போது குண்டு பல்பு எரிவதுபோல. இருட்டுக் காட்சியில் அதிகம், பகல் வெளிச்சத்தில் தெரியவே இல்லை. ஏற்கனவே கேபிளால் ஒரு முறை அடிபட்டதால், அதையே மறுபடி சந்தேகப்பட்டேன். கடையில் கேட்டபோதும், "கேபிள்தான் சார், நல்லதா ஒண்ணு போட்டுப் பாருங்க" என்றார்கள். 850 ரூபாய்க்குப் புது டிஸ்ப்ளேபோர்ட் கேபிள். துடிப்பு அப்படியே இருந்தது. டிரைவரைச் சுத்தமாக நீக்கிவிட்டு மறுபடி போட்டேன். அப்படியே இருந்தது.

அப்புறம்தான் நிதானமாக உட்கார்ந்து ஓஎஸ்டி எண்ணையும் ஆர்டிஎஸ்எஸ் எண்ணையும் பக்கத்துப் பக்கமாகப் பார்த்து நோட்டில் எழுத ஆரம்பித்தேன். கேம் 58 ஃப்ரேம் ஓடும்போது மானிட்டர் 58. 54க்கு 54. 51 ஆனதும் மானிட்டர் 102க்குத் தாவியது. 47க்கு 94. மறுபடி 55 ஆனதும் 55.

இதற்குப் பெயர் எல்எஃப்சி. மானிட்டரின் வரம்பு 48க்குக் கீழே போகாது. அதனால் ஃப்ரேம் அதற்குக் கீழே இறங்கினால், டிரைவர் ஒவ்வொரு ஃப்ரேமையும் இரண்டு முறை காட்டி, ரெஃப்ரெஷ் ரேட்டை வரம்புக்குள்ளேயே வைத்திருக்கிறது. என் மானிட்டரில் அது 48இல் இல்லாமல், சற்று மேலேயே, 52 பக்கத்தில் தொடங்குகிறது. சிக்கல் என்னவென்றால், பேனலின் வெளிச்சம் ஒவ்வொரு ரெஃப்ரெஷ் ரேட்டுக்கும் இம்மி அளவு மாறும். விஏ பேனலில், அதுவும் கருஞ்சாம்பல் நிறங்களில், இது நன்றாகவே தெரியும். 54இலிருந்து 102க்கும் 102இலிருந்து 55க்கும் நொடிக்கு நாலு தடவை தாவினால், கண் அதைத் துடிப்பாகத்தான் பார்க்கும்.

நிச்சயப்படுத்திக்கொள்ள ஒரு சோதனை செய்தேன். சதுப்பு நிலத்தில் ஒரே இடத்தில் நின்று, ஆர்டிஎஸ்எஸ்ஸில் ஃப்ரேமை 45க்குப் பூட்டினேன். துடிப்பு இல்லை. ரெசல்யூஷனை 1440பிக்கு இறக்கி 60க்குப் பூட்டினேன். துடிப்பு இல்லை. 4கே, பூட்டு இல்லாமல்: துடிப்பு. ஃபோனை 240 ஃப்ரேம் ஸ்லோ மோஷனில் வைத்துப் பிடித்தபோது, தாவும் இடத்திலெல்லாம் வெளிச்சம் ஒரு படி மாறுவது தெரிந்தது. ஆக கார்டிலும் பழுதில்லை, கேபிளிலும் பழுதில்லை. டிஎல்டிஎஸ்ஆர் போட்டதால் என் ஃப்ரேம் எண்ணிக்கை சரியாக அந்த 52 என்ற வாசற்படியின் மேலே வந்து உட்கார்ந்திருந்தது. முன்பு எச்டிஎம்ஐ கேபிளில் விஆர்ஆரே ஓடவில்லை, அதனால் இரண்டு வருடத்தில் ஒரு நாளும் இதைப் பார்க்கவில்லை.

இந்த இடத்தில்தான் என் யோசனையின் திசை மாறியது. அதுவரை, கார்டு தாங்கும் அளவுக்கு ரெசல்யூஷனை ஏற்றுவோம், மீதியை விஆர்ஆர் பார்த்துக்கொள்ளும் என்று நினைத்திருந்தேன். விஆர்ஆர் படம் கிழிவதைத் தடுக்கும், தடுமாற்றத்தைக் குறைக்கும். ஆனால் வரம்பின் அடிப்பகுதியில் அதற்கென்று ஒரு வாசற்படி இருக்கிறது. அது எங்கே என்று முதலில் கண்டுபிடித்து, அதற்கு மேலேயோ கீழேயோ ஒரு பக்கமாக நிற்கும்படி ஃப்ரேமை அமைத்துவிட்டு, மிச்சம் இருக்கும் சக்தியைத்தான் பிக்சலுக்குச் செலவிட வேண்டும்.

முதல் தீர்வு, மேலே நிற்பது. டிஎல்டிஎஸ்ஆரை 1.78க்கு இறக்கினேன், 3413×1920. டிஎல்எஸ்எஸ் குவாலிட்டி. உள்ளே ஏறக்குறைய 2275×1280இல் வரையும். சராசரி 63, செயின்ட் டெனிஸ் சந்தைத் தெருவில் குறைந்தபட்சம் 55. 60க்குப் பூட்டினேன். துடிப்பு நின்றது. ஆனால் படத்தைப் பார்த்தால், 2.25இல் கிடைத்த அந்தப் பிடரி மயிர் இல்லை. நல்ல படம்தான். ஆனால் ஒரு முறை அதைவிட நல்லதைப் பார்த்துவிட்டேன். கம்பிகளும் தூரத்தில் கொஞ்சம் நடுங்கின. தவிர, கேம் லோடாகும்போதும் வரைபடத்தைத் திறக்கும்போதும் ஃப்ரேம் ஒரு கணம் சரிந்து, திரை ஒரு துடிப்புத் துடித்துவிட்டு அடங்கியது.

ஒரு வாரம் அப்படியே விளையாடினேன். அந்த வாரத்தில்தான் வாசற்படியையே நகர்த்தலாமே என்று தோன்றியது.

சிஆர்யூ என்பது மானிட்டர் தன்னைப் பற்றி விண்டோஸுக்குச் சொல்லும் தகவலை மாற்றி எழுதும் சின்ன நிரல். மானிட்டருக்குள் எதையும் எழுதாது. விண்டோஸின் ரெஜிஸ்ட்ரியில் மட்டும் மாற்றி வைக்கும். அதில் மானிட்டரைத் தேர்ந்தெடுத்து, ரேஞ்ச் லிமிட்ஸ் என்ற வரியைத் திறந்தால், செங்குத்து ரெஃப்ரெஷ் வரம்பு 48 முதல் 165 என்று இருக்கும். பலர் அந்த 48ஐக் கீழே இறக்கிப் பார்ப்பார்கள். எனக்கு வேண்டியது நேரெதிர். அதை உயர்த்தினால் இரட்டிப்பு முன்கூட்டியே தொடங்கும். என் ஃப்ரேம் எப்போதும் இரட்டிப்புப் பக்கத்திலேயே இருக்கும், தாவலே வராது.

மாற்றுவதற்கு முன் ஒரு காரியம்: சிஆர்யூவோடு வரும் ரீசெட்-ஆல் என்ற நிரலை டெஸ்க்டாப்பில் எளிதாக எட்டும் இடத்தில் வைத்துக்கொள்ளுங்கள். திரை கறுத்துப்போனால் சேஃப் மோடில் போய் அதை ஓட்டினால் எல்லாம் பழையபடி ஆகிவிடும். எனக்குத் தேவைப்படவில்லை, ஆனால் அது இருந்ததால்தான் தைரியமாகக் கை வைத்தேன்.

ஆசையில் முதலில் 90 என்று போட்டேன். மாற்றம் நடைமுறைக்கு வர, சிஆர்யூவோடு வரும் ரீஸ்டார்ட்64 நிரலை ஓட்டி, கேமைத் திறந்தால் ஓஎஸ்டி எண் 165இல் அசையாமல் நிற்கிறது, கேம் தடுக்கித் தடுக்கி ஓடுகிறது. இரட்டிப்பு நடக்க வேண்டுமென்றால் மேல் வரம்பு கீழ் வரம்பைப்போல் குறைந்தது இரண்டு மடங்கு இருக்க வேண்டும். 90க்கு இரண்டு மடங்கு 180, என்னிடம் இருப்பது 165. 82க்கு மேல் போகவே கூடாது. கொஞ்சம் இடைவெளி விட்டு 75 வைத்தேன்.

75 வைத்ததும் கணக்கு அழகாக மாறியது. ஃப்ரேம் 38 முதல் 74 வரை எங்கே இருந்தாலும் இரட்டிப்புத்தான். 46 ஓடினால் மானிட்டர் 92, 52 ஓடினால் 104. நடுவில் வாசற்படி இல்லை. அப்படியென்றால் 2.25 மடங்குக்கே திரும்பலாம். திரும்பினேன். 3840×2160, டிஎல்எஸ்எஸ் குவாலிட்டி. தண்ணீர், மூடுபனி தொடர்பான அமைப்புகளை ஒரு படி இறக்கினேன். குறைந்தபட்சம் 43இலிருந்து 47 ஆனது. 52க்குப் பூட்டினேன். இப்போது ஓஎஸ்டி எண் 94க்கும் 104க்கும் நடுவில்தான் ஆடுகிறது. அந்தச் சின்ன ஆட்டத்தில் வெளிச்ச மாற்றம் கண்ணுக்குத் தெரியவில்லை.

பூட்டு ஏன் தேவை என்றால், கேமின் மெனுவில் ஃப்ரேம் 80, 90 என்று ஏறிவிடும். ஏறினால் புது வாசற்படியான 75ஐத் தாண்டும், மெனு துடிக்கும். 52 பூட்டு அதையும் தடுக்கிறது. வேகமான கேமுக்கு 52 போதாது. துப்பாக்கிச் சண்டை மட்டுமே உள்ள போட்டி கேம் என்றால் நான் டிஎல்டிஎஸ்ஆரையே தொட மாட்டேன். குதிரையில் போய்க்கொண்டே வானத்தைப் பார்க்கும் இந்த கேமுக்கு, 52 சீராக இருப்பது 66 ஏறி இறங்குவதைவிட எனக்கு இதமாக இருக்கிறது. ஏலியனுக்கு வேறு கணக்கு: 2.25இல் நூற்றுக்கு மேல் ஓடுவதால், 100க்குப் பூட்டி, 75க்கு மேலேயே நிறுத்தியிருக்கிறேன். கண்ட்ரோல் பேனலில் விசிங்க் (ஃப்ரேமைத் திரையின் ரெஃப்ரெஷ்ஷோடு ஒத்துப்போகவைக்கும் வசதி) ஆன். ஃப்ரேம் மேல் வரம்பைத் தொடாதவரை அது குறுக்கே வராது.

இன்னொரு சிக்கலையும் சொல்ல வேண்டும். சில புது கேம்கள் முழுத்திரைக்கு மாறாமல் பார்டர்லெஸ் ஜன்னலாகவே ஓடும். அவற்றில் டிஎஸ்ஆர் ரெசல்யூஷன் பட்டியலிலேயே வராது. டெஸ்க்டாப்பையே 3840×2160க்கு மாற்றிவிட்டுத்தான் கேமைத் திறக்க வேண்டும். அப்படி மாற்றும்போது ரெஃப்ரெஷ் ரேட்டைப் பாருங்கள். என் கணினியில் அது சத்தமில்லாமல் 60க்கு இறங்கியிருந்தது. மேல் வரம்பே 60 ஆகிவிட்டால் இரட்டிப்புக்கு இடமே இல்லை. இரண்டு மாலை வீணான பிறகு ஓஎஸ்டி எண் 60ஐத் தாண்டவே இல்லை என்று கவனித்தேன். டிஸ்ப்ளே செட்டிங்ஸில் 165க்கு மாற்றியதும் சரியானது.

செலவுக் கணக்கு. 1440பியில் 60க்குப் பூட்டி விளையாடியபோது சுவர் மீட்டர் ஏறக்குறைய 245 வாட் காட்டியது. இப்போது 305. கார்டு தன் 170 வாட் எல்லையில் ஓடுகிறது. 60 வாட் கூடுதல், தினம் மூன்று மணி நேரம் என்றால் மாதம் ஐந்தரை யூனிட் பக்கம். பணமாகப் பெரிதில்லை. அறையின் சூடுதான் தெரிகிறது, மே மாதத்தில் இதை ஆரம்பித்ததால் நன்றாகவே தெரிந்தது. வீடியோ மெமரி 7 ஜிபிக்கு மேல் போகிறது. 12 ஜிபி இருப்பதால் கவலையில்லை, 8 ஜிபி கார்டு என்றால் டெக்ஸ்சரைக் கவனிக்க வேண்டியிருக்கும்.

மறுபடி முதலிலிருந்து செய்வதென்றால், கேமைத் திறப்பதற்கு முன்பே ஆர்டிஎஸ்எஸ் பூட்டை 65, 60, 55, 50, 45 என்று இறக்கிக்கொண்டே ஓஎஸ்டி எண்ணைக் குறித்துவைப்பேன். அரை மணி நேர வேலை. அதில் வாசற்படி எங்கே என்று தெரிந்துவிடும். புது மானிட்டர் வாங்குவதென்றால், இருட்டுக் காட்சியில் துடிப்பு குறைவாகத் தெரியும் ஐபிஎஸ் பேனல் பார்ப்பேன், கறுப்பு இந்த அளவுக்குக் கறுப்பாக இருக்காது என்று தெரிந்தும். வாங்குமுன் கீழ் வரம்பையும் கேட்பேன். மேல் வரம்பைத்தான் எல்லோரும் பெரிதாக எழுதிவைக்கிறார்கள்.

லோடிங் திரையில் எப்போதாவது ஒரு துடிப்பு இன்னும் வருகிறது. அங்கே ஃப்ரேம் 38க்கும் கீழே விழுந்து மூன்று மடங்குக்குப் போய்த் திரும்புகிறது. கீழ் வரம்பை 75இலிருந்து 70க்கு இறக்கினால் இரட்டிப்பு 35 வரை தாங்கும். அதை இந்த ஞாயிற்றுக்கிழமை போட்டுப் பார்க்கப்போகிறேன். அப்புறம் தம்பியின் 1080பி மானிட்டர் இருக்கிறது. அதற்கு 2.25 மடங்கு என்றால் 2880×1620. அவன் பேனலின் வாசற்படி எங்கே என்று இன்னும் பார்க்கவில்லை. நோட்டில் அவனுக்கும் ஒரு பக்கம் ஒதுக்கி வைத்திருக்கிறேன்.